இணைச்சீருக்கு உட்காராத அக்கா

காரமடை பஸ்ஸில் என் முன் சீட்டுப் பெண், படித்துக்கொண்டிருந்த மர்ம நாவலை மூடிப் பக்கத்திலிருந்த அண்ணியிடம் நீட்டினாள்.

"காணாமப்போன அக்கா கடைசில வர்றாளான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க அண்ணி."

"கதைக்குப் போயி எதுக்குக் கண்ணு அழுகற?"

"எனக்கும் ஒரு அக்கா இருந்தாங்க. வேற சாதில கட்டிக்கிட்டாங்கன்னு உங்ககிட்ட மறைச்சுப்போட்டோம். இப்ப எங்கிருக்காங்கன்னே தெரியலைங்க."

அண்ணி நாவலைத் திறக்கவில்லை.

"உங்க கல்யாணத்துல அண்ணன் பக்கத்துல கூடப்பொறந்தவளா உட்கார்ந்து இணைச்சீர் செய்யவேண்டியது மூத்தவங்க அவங்கதான். பட்டுச்சீலை கட்டிட்டு நான் உட்கார்ந்தேன். நிமிர்ந்தா, மண்டப வாசல்ல அக்கா நிக்கறாங்க. என்னையவே பார்த்தாங்க."

"கூப்பிடலயா?"

"கூப்பிட்டா எந்திரிச்சு எடம் விடணுமேன்னு தலையைக் குனிஞ்சுட்டேனுங்க."