ஆட்டுக்குட்டிக் கதையில் எண்ணெய்க் கறை

திருமலைசாமி: சித்த இதை மோந்து பாருங்க டீச்சர்.

அன்புக்கரசி: என்னங்க சார்... புத்தகத்தையா?

திருமலைசாமி: ஆமா. என்ன வாசம்?

அன்புக்கரசி: ...கடலை எண்ணெய்ங்க.

திருமலைசாமி: ஆங்! வெள்ளிக்கிழமை வரைக்கும் புதுப்பொண்ணாட்ட இருந்துச்சு இந்த ஆட்டுக்குட்டிக் கதை. இன்னைக்குத் திங்கக்கிழமை, பஜ்ஜி மடிச்ச பேப்பராட்ட இருக்குது.

அன்புக்கரசி: புள்ளைங்க படிச்சிருப்பாங்க சார்.

திருமலைசாமி: சனி ஞாயிறுலயா? சரி, அத உடுங்க. நம்ம ஸ்கூல் லைப்ரரிக்கு நாப்பது புத்தகம். முப்பத்தொம்பது எடுத்தாச்சு. மிச்சம் ஒண்ணு. பொது அறிவா, ஆட்டுக்குட்டியா?

அன்புக்கரசி: அதுக்குத்தான் சட்டம் இருக்குதுங்களே. மாதிரிப் புத்தகத்த மூணு வாரம் பெஞ்சு மேல பரப்பி வெக்கறது. எது அதிகமா அழுக்காகுதோ, அதைத்தான் புள்ளைங்க படிச்சிருக்குதுங்க, அதையே வாங்கறது. ஹெச்.எம். நீங்க போட்ட சட்டமுங்க.

திருமலைசாமி: நாந்தான் போட்டேன். பெத்தவங்க கூட்டத்துல மைக்குலயும் சொல்லிப்போட்டேன். நாலு மணிக்குக் கமிட்டித் தலைவி சுப்பாத்தாள் வந்து பக்கம் பக்கமாப் புரட்டுவாங்க. பொது அறிவும் அழுக்காத்தானே இருக்குது?

அன்புக்கரசி: அட்டை மட்டுந்தானுங்க. அது மேல சோத்துத் தட்டு வெக்கறாங்க சார். உள்ள பாருங்க, ரெண்டு பக்கம் இன்னும் ஒட்டிக்கிட்டே இருக்குது.

திருமலைசாமி: சிரிக்க வெக்காதீங்க. நான் கோவமா இருக்கறேன்.

அன்புக்கரசி: அப்படித் தெரியலீங்களே.

திருமலைசாமி: டீச்சர்...

அன்புக்கரசி: சரிங்க, சொல்லிப்போடறேன். அஞ்சாங்கிளாஸ் பூஜிதா இருக்குதில்லீங்க...

திருமலைசாமி: எழுத்துக் கூட்டவே வரலைன்னு பொலம்புவீங்களே, அந்தப் புள்ளையா?

அன்புக்கரசி: அவளேதானுங்க. மூணு வாரமா மத்தியானமானா இந்த ஆட்டுக்குட்டிகூடத்தான். தானாக் கூட்டிக் கூட்டிப் படிக்கறா சார்! பாதி தாண்டியாச்சு. 'மிஸ், ஆடு பஸ் ஏறிருச்சு, டிக்கெட்டே எடுக்கல'ன்னு ஓடி வந்து சொல்றா. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

திருமலைசாமி: அப்பறமென்ன? அவ படிச்சே அழுக்காகியிருக்குமே.

அன்புக்கரசி: அங்கதானுங்க வம்பே! குழாயில கையக் கழுவி, யூனிபாரத்துல தொடச்சுட்டுத்தான் புத்தகத்தையே தொடுவா. ஒரு பொட்டு அழுக்கில்ல. நம்ம சட்டப்படி இது ஒருத்தரும் படிக்காத புத்தகம். சாயங்காலம் பெட்டியில போட்டு, மாதிரி குடுத்த புத்தகக் கடை கணபதிக்கே திருப்பி அனுப்பிருவோம்... அவளுக்குக் கதை பாதியிலயே போயிரும்.

திருமலைசாமி: நீங்களே ஒண்ணு வாங்கிக் குடுக்கறது?

அன்புக்கரசி: ஒரு பென்சில் குடுத்ததுக்கே, 'ஓசி வேண்டாங் மிஸ்'னு திருப்பிக் குடுத்தவ சார். லைப்ரரின்னா எல்லாருக்கும் பொது. நிமுந்து நின்னு எடுத்துக்குவா.

திருமலைசாமி: அதுக்காவ?

அன்புக்கரசி: ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயி... தோசை சுட்ட கையோட பதினாறு பக்கம் தடவிப்போட்டேனுங்க. அதுக்கு மேல மனசு வரல. தப்புத்தானுங்க. சுப்பாத்தாக்காகிட்ட நானே சொல்லிர்றேன்.

திருமலைசாமி: அவசரப்படாதீங்க... பதினாறுதானா?

அன்புக்கரசி: சத்தியமாங்க. இருங்க... பதினேழுல இருந்து இது என்னங்க? டீக் கறையாட்ட இருக்குது. ஈரங்கூடக் காயல. நான் டீயே குடிக்கறதில்லீங்களே... ஏனுங்க சார், சன்னல்ல என்ன பாக்கறீங்க?

திருமலைசாமி: இந்தச் சன்னலுக்குக் கீழதானுங்க அம்மணி அந்தப் புள்ள உக்காந்து தெனமும் சத்தமாப் படிக்குது. ஆடு எங்க எறங்குதுன்னு அது வாயால நான் கேக்க வேண்டாமா? காத்தால எடுத்துப் பாத்தேன், பாதிதான் அழுக்காயிருந்துச்சு... மீதிக்கு எம்பட டீய ஊத்திப்போட்டேன்.