முதல்ல நம்ம மேல

வாலு: ...சும்மா சொல்லாதே நத்தை. இந்த மேஜைக் கருகல் நான் வெச்சதுதான்.

நத்தை: நீயேதான் தாயே. சூடான சால்டரிங் அயர்னை அப்படியே வெச்சுட்டு அரட்டை அடிக்கப் போனே. திரும்பி வந்தா மேஜை புகையுது.

வாலு: பதினெட்டு வருஷமா மேஜையை மாத்தலையா உங்க கம்பெனி?

நத்தை: என்னையே மாத்தல. மேஜையை மாத்துவாங்களா?

வாலு: அதுவும் சரிதான். சரி, விஷயத்துக்கு வா. லிஃப்ட் கம்பெனியில அரை நாள் லீவு சொல்லிட்டு ஓடி வந்திருக்கேன். "ஒரு கன்வர்ட்டர் செலக்ட் பண்ணணும், நீ வந்தாத்தான் ஆகும்"னு போன்ல ஒரே புலம்பல். ஒரு கன்வர்ட்டருக்கு ரெண்டு இன்ஜினியரா?

நத்தை: நம்ம மானிட்டருக்கு.

வாலு: நம்ம... குழந்தை மானிட்டரா? அது இன்னும் ஓடுதா?

நத்தை: ஓடுதாவா! எத்தனை ஆஸ்பத்திரியில ஓடுது தெரியுமா? குறை மாசத்துல பொறந்து உள்ளங்கை அளவுல கிடக்குதுங்களே, அதுங்க நெஞ்சுல இன்னும் நம்ம ஒயருதான் ஒட்டியிருக்கு.

வாலு: ஐயோ... நான் அது எப்பவோ செத்துப்போச்சுன்னு நினைச்சேன்.

நத்தை: மானிட்டர் சாகல. உள்ள இருக்கற கன்வர்ட்டர்தான் செத்துப்போச்சு. நாம தேடித் தேடி எடுத்தோமே அந்தக் கறுப்பு டப்பா... இனிமே அதைத் தயாரிக்க மாட்டாங்களாம்.

வாலு: அடப்பாவிங்களா. அதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள பதினோரு கன்வர்ட்டரைக் கொன்னோமே!

நத்தை: பன்னெண்டு. ஒண்ணை நீ அப்போ லேப் தலைவரா இருந்த பெரியவருக்குத் தெரியாம குப்பையில போட்டே.

வாலு: நீ பாத்தியா?

நத்தை: குப்பையைக் கொட்டினதே நான்தான்.

வாலு: சரி சரி. இப்போ என்ன?

நத்தை: பழைய டப்பாவுக்குப் பதிலா மூணு சாம்பிள் வரவழைச்சேன். ஒவ்வொண்ணையும் ஒரு போர்டுல மாட்டி வெச்சிருக்கேன். அஞ்சு மணிக்குள்ள ஒண்ணைச் சொல்லி நான் கையெழுத்துப் போடணும்.

வாலு: போடலைன்னா?

நத்தை: மேனேஜர் போட்டுடுவார். இந்தா, இந்தச் சின்னதுக்கு.

பர்ச்சேஸ்: சார், உள்ள வரலாமா?

நத்தை: வந்துட்டு ஏன் கேக்கறீங்க? வாலு, இவர் பர்ச்சேஸ் பாக்கறவர். சார், இவங்க அந்த மானிட்டரை என்கூட சேர்ந்து டிசைன் பண்ணவங்க.

பர்ச்சேஸ்: வணக்கம் மேடம். அஞ்சுக்கு ஆர்டர் போயாகணும்... தப்பா எடுத்துக்காதீங்க. கட்டைவிரல் அளவுக்கு ஒரு டப்பா. இதுக்கா மூணு வாரமா இந்தப் பாடு?

வாலு: கேளுங்க. ஒரு பக்கம் சுவத்துல இருக்கற பிளக். இன்னொரு பக்கம் குழந்தை. நடுவுல இந்த டப்பா. இதுக்குள்ள ரெண்டு சுருள் இருக்கு, ஒண்ணை ஒண்ணு தொடாது. இந்தப் பக்கத்து சக்தி காந்தமா மாறி அந்தப் பக்கம் போகும். மின்சாரம் நேரா போக வழியே கிடையாது.

பர்ச்சேஸ்: வழி கிடைச்சா?

வாலு: குழந்தையைக் கொண்டுபோய் பிளக்ல சொருகின மாதிரி.

பர்ச்சேஸ்: ஐயையோ! நீங்க பாருங்க மேடம், நிதானமாவே பாருங்க... அஞ்சு மணிக்குள்ள.

வாலு: போயிட்டாரா? நல்ல மனுஷன். காட்டு, மூணையும்.

நத்தை: இது நடுவுலது. வேலை கம்மியா இருந்தா இதுக்குத் திமிர் வந்துடும். அஞ்சு வோல்ட் கேட்டா ஏழு குடுக்குது.

வாலு: நம்ம போர்டு குடிக்கறதே சொட்டு கரண்ட்தான். வேண்டாம், தூக்கிப் போடு.

நத்தை: இது பெருசு. உள்ள ரெண்டு சுருளுக்கும் நடுவுல நல்ல தடுப்பு. அஞ்சாயிரம் வோல்ட் தாங்குது. ஆனா ரெண்டு மில்லிமீட்டர் உயரம் ஜாஸ்தி. மூடி மூடல.

வாலு: சின்னது?

நத்தை: கச்சிதமா பழைய இடத்துல உக்காருது. மூடியும் மூடுது. ஆனா உள்ள தடுப்புன்னு ஒண்ணும் இல்ல. சுருள் மேல இருக்கற எனாமல் பூச்சுதான்.

வாலு: அப்புறம் என்னத்துக்கு மேனேஜர் இதைக் கட்டிக்கிட்டு அழறார்?

நத்தை: மின் இரைச்சல் டெஸ்ட்ல இதுதான் ஃபர்ஸ்ட். திரையில குழந்தையோட துடிப்பு கோடு போட்ட மாதிரி சுத்தமா வருதாம். நான் என்ன சொன்னாலும் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டறார்.

வாலு: இரு, இரு. சுருள் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்குன்னா இரைச்சல் ஜாஸ்தியா இல்ல தாவணும்? இதுல எப்படிச் சுத்தமா வரும்?

நத்தை: அதான் எனக்கும் புரியல.

வாலு: யார் அளந்தது?

நத்தை: டெஸ்டிங் செக்ஷன்ல. போட்டோ பாரு... இதோ.

வாலு: நத்தை.

நத்தை: ம்?

வாலு: அலையைக் காட்டற ஸ்கோப்புல எத்தனை புரோப் ஒயர் மாட்டியிருக்கு?

நத்தை: ரெண்டு. ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப்... அடக் கடவுளே.

வாலு: ரெண்டு புரோப்போட எர்த் கிளிப்பையும் மாட்டியிருக்காங்க! ஒண்ணு பிளக் பக்கம், ஒண்ணு குழந்தை பக்கம். ஸ்கோப்புக்குள்ள ரெண்டு எர்த்தும் ஒண்ணு. எதைப் பிரிக்க இந்த டப்பாவை வாங்கினோமோ அதை ஸ்கோப்பே சேர்த்து வெச்சுடுச்சு.

நத்தை: நம்ம தப்பு... அச்சு அசலா நம்ம தப்பு.

வாலு: மூணு நாள்! மூணு நாள் நாம தலைகால் புரியாம ஆடினோம். "இரைச்சலே இல்லாத போர்டு செஞ்சுட்டோம்"னு நீ வராண்டாவுல நின்னு கத்தினே.

நத்தை: கத்தினது நீ. நான் பக்கத்துல நின்னேன்.

வாலு: அப்போ பெரியவர் வந்தார். ஞாபகம் இருக்கா? ஒரு வார்த்தை பேசல. குனிஞ்சு ஒரு கிளிப்பை மட்டும் கழட்டினார்.

நத்தை: திரை முழுக்க புல்லு முளைச்ச மாதிரி ஆயிடுச்சு. அவர் பாட்டுக்கு போயிட்டார். நாம ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல.

வாலு: சாயங்காலம் வரைக்கும் பாக்கல. அப்புறம் சிரிச்சோம் பாரு... எனக்கு வயிறு வலிச்சுது. அந்த மாதிரி ஒரு சிரிப்பு அதுக்கப்புறம் எந்த ஆபீஸ்லயும் சிரிக்கல நான்.

நத்தை: நானும்தான். நீ போனப்புறம் இந்த ரூம்ல யாரும் சத்தமாவே சிரிக்கறதில்ல.

வாலு: ம்... சரி, கண்ணைத் துடை. கிளிப்பைக் கழட்டி அளப்போம். மேல் தட்டுல ஸ்கோப் இருக்கு பாரு, எடு.

நத்தை: நீயே எடேன்.

வாலு: ஆம்பளை நீ நிக்கறே, நான் ஏறணுமா? நகரு... ம், வந்துட்டுது. போடு சுவிட்சை. சின்னதை முதல்ல.

நத்தை: பாரு! புல்லு இல்ல, காடே முளைச்சிருக்கு.

வாலு: பெருசைப் போடு... ஆஹா. இது கோடு. போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பு, உடனே.

நத்தை: மூடி மூடாதே.

வாலு: போர்டுக்கு அடியில என்ன இருக்கு?

நத்தை: பழைய பேட்டரிக்கு விட்ட பள்ளம். இப்போ காலி.

வாலு: அப்போ கன்வர்ட்டரைத் தலைகீழா அடிப்பக்கம் மாட்டு. அதுக்கு நேரா செம்புக் கோடு எதுவும் ஓடக்கூடாது, அவ்வளவுதான். இதுக்கு மூணு வாரமா! உனக்கு நத்தைன்னு பேர் வெச்ச மகராசி நல்லா இருக்கணும்.

நத்தை: நீதானே வெச்சே.

வாலு: அதான் சொன்னேன். முடிஞ்சுது வேலை. கையெழுத்துப் போடு.

நத்தை: இரு, இரு.

வாலு: என்ன, பேனா இல்லையா?

நத்தை: அப்படியெல்லாம் போட முடியாது. விதி மறந்துடுச்சா உனக்கு?

வாலு: எந்த விதி... ஓ! "நம்ம மேல ஒட்டாததைக் குழந்தை மேல ஒட்டக்கூடாது." இன்னுமா?

நத்தை: பெரியவர் போனப்புறமும் ஒவ்வொரு தடவையும்தான். ஒரு மணி நேரம் என் நெஞ்சுல ஒட்டிட்டு உக்காருவேன். அப்புறம்தான் கையெழுத்து. வேற யாரும் கேக்கறதில்ல. ஆனா அது இல்லாம ஒரு தடவைகூட நான் போட்டதில்ல.

வாலு: அப்போ ஒட்டிக்கோ. மணி மூணரை. சட்டையைக் கழட்டு, நான் திரும்பிக்கறேன்.

நத்தை: அது... பிடுங்கறப்ப முடி வலிக்கும்.

வாலு: இத்தனை வருஷம் முடி இல்லையா? என்னைப் பாரு. வந்ததுல இருந்து கவனிக்கறேன். இடது கையைத் தோளுக்கு மேல நீ தூக்கவே இல்ல. முன்னெல்லாம் உன் சட்டைப் பையில ஒரு கடையே இருக்கும். இன்னிக்கு போனைக் கொண்டுபோய் அந்த மூலையில வெச்சிருக்கே. நெஞ்சுல வெச்சு எத்தனை நாளாச்சு?

நத்தை: ...ரெண்டு மாசம்.

வாலு: பேஸ்மேக்கரா?

நத்தை: மெதுவாப் பேசு. இங்க யாருக்கும் தெரியாது. வயித்துக் கோளாறுன்னு லீவு போட்டேன். தெரிஞ்சா லேப்ல இருந்து தூக்கி ஃபைல் பாக்க உக்கார வெச்சுடுவாங்க.

வாலு: எனக்காவது சொல்லியிருக்கலாமே, பாவி.

நத்தை: சோதனை போர்டு எதையும் உடம்புல ஒட்டவே கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். ஒட்டாம கையெழுத்துப் போட கை வரல, வாலு. நான் போடலைன்னா சின்னது போயிடும். வேற யார்கிட்ட போய் "நீ ஒட்டிக்கோ"ன்னு கேக்கறது?

வாலு: அதான் என்னை வரச் சொன்னியா?

நத்தை: செலக்ட் பண்ணத்தான்... சரி, பொய். அதைக் கேக்கத்தான். வாய் வரல.

வாலு: மடையா. முதல்ல மின் கசிவை அளந்து காட்டு.

நத்தை: இதோ... மீட்டர் முள்ளே அசையல.

வாலு: எலக்ட்ரோடைக் கொடு. திரும்பி நில்லு... ம், ஒட்டியாச்சு. சுவிட்சைப் போடு.

நத்தை: போட்டாச்சு. துடிப்பு எண்பத்தி ரெண்டு. சுறுசுறுன்னு எதாவது இருக்கா?

வாலு: ஒண்ணும் இல்ல. இந்த பீப் சத்தம்... எத்தனை வருஷமாச்சு இதைக் கேட்டு.

பர்ச்சேஸ்: சார், மேனேஜர் போட்டோ பாத்துட்டார், "பெருசுன்னா பெருசு, அவர் கையெழுத்துப் போட்டா சரி"ன்னுட்டார்... மேடம், நீங்க எதுக்கு இதை மாட்டிட்டு?

வாலு: உங்க கம்பெனியில விருந்தாளிக்கு இதுதான் மரியாதையாம்.

நத்தை: நாலே முக்காலுக்கு ஃபைலோட வாங்க சார். கையெழுத்து ரெடியா இருக்கும்.

வாலு: பாவம், ஓடறார்.

நத்தை: உன் மகன் எப்படி இருக்கான்?

வாலு: பதினேழு முடிஞ்சுது. என்னைவிட ஒரு முழம் உயரம். ...நத்தை, ஒண்ணு சொல்லணும்.

நத்தை: சொல்லு. துடிப்பு தொண்ணூத்தாறுக்கு ஏறுது, பெரிய விஷயம்தான் போல.

வாலு: கிண்டல் பண்ணாதே. முதல் போர்டை யார் ஒட்டிக்கறதுன்னு சீட்டு குலுக்கினோம் இல்ல? உன் பேர் வந்துச்சு. நீ ஒட்டிட்டு உக்காந்தே, நான் பக்கத்துல உக்காந்து கேலி பண்ணிட்டு இருந்தேன். உள்ளுக்குள்ள எனக்கு உயிரே இல்ல.

நத்தை: ம்...

வாலு: அப்போ எனக்கு மூணாவது மாசம். அதுக்கு முன்னாடி ஒண்ணு தங்கல. சொன்னா பெரியவர் என்னை லேப்பை விட்டு எடுத்துடுவார்னு வாயைத் திறக்கல. என் பேர் வந்திருந்தா ஒட்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பேன். அவ்வளவு வீம்பு. ஏதோ என் நல்ல நேரம்...

நத்தை: சீட்டு எழுதினது யாரு?

வாலு: நீதான். என் எழுத்து கோழி கிறுக்கினதுன்னு பிடுங்கி எழுதினே.

நத்தை: அதுக்கு முன்னாடி ஒரு மாசமா நீ சால்டர் ஈயப் புகை பக்கமே வரல. எல்லா ஜாயின்ட்டையும் என் தலையில கட்டினே. எனக்கு ரெண்டு அக்கா, வாலு. இதுகூடவா தெரியாது?

வாலு: டேய்...

நத்தை: ரெண்டு சீட்டுலயும் என் பேர்தான் எழுதியிருந்தேன்.