வேம்புக்குப் போகவிருந்த பெயர்

ஓடுகிறோம். வன்னியில் ஒரு மணல் பாதை. மாசி மாதம், முற்பகல். என் தோளில் அரிசிப் பை, கையில் தண்ணீர்க் கேன். முன்னால் மனைவி செல்லம்மா, இடுப்பில் இரண்டு வயது மகள் கலா. தம்பி மாரிமுத்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறான். தூரத்தில் 'டும்' என்று ஒரு குத்து. பிறகு தலைக்கு மேலே துணி கிழிகிற மாதிரி இரைச்சல்.

"மரத்துக்குக் கீழ வாங்க, வெரசா!" செல்லம்மா கத்தினாள்.

நாங்கள் இலங்கையின் தேயிலை மலையில் பிறந்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு இறங்கியவர்கள். மலையில் மழை வந்தால் நிழல்மரத்தடிக்கு ஓடுவோம். கால் அப்படிப் பழகிவிட்டது. சமவெளிக்காரர்கள் பள்ளத்துக்கு ஓடினார்கள். நாங்கள் வேம்புக்கு ஓடினோம்.

தண்ணீர்க் கேன் கைநழுவியது. எடுக்கத் திரும்பினேன். அதனால் இருக்கிறேன்.

ஷெல் தரைக்கு வரவில்லை. வேம்பின் கிளையில் பட்டு உச்சியிலேயே வெடித்தது. இரும்பு மேலிருந்து கொட்டியது. பிறகு காதுக்குள் ஒரே 'ங்'. வேறு சத்தம் இல்லை.

கலாவைத் தூக்கிக்கொண்டு தமிழ்நாட்டுக்குப் படகேறினேன். போடிக்குச் சாக்கு தூக்க வந்தேன். படித்தது மூன்றாம் வகுப்புதான். இன்று குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம், நாலு ஜீப்பு. போடியில் என்னைத் தெரியாத ஏலக்காய் வியாபாரி இருந்தால் அவன் புதுசு. யார் தயவும் இல்லை. கலாவை டீச்சர் ஆக்கினேன். கவிதையும் எழுதுவாள்.

போன மாதம் போடியில் போர்க் கவிதைக் கூட்டம். முந்தைய கூட்டங்களுக்கும் நான் போயிருக்கிறேன். ரத்தத்தைச் செம்பருத்தி என்பார்கள். பறவை அழுதது என்பார்கள். மைனா அழவில்லை. மறுநாளும் வந்து பூச்சி கொத்தியது, நான் பார்த்தேன். செத்தவர்களை விதை என்பார்கள். நான் ஏலச்செடி நட்டுப் பிழைத்தவன். விதை முளைக்கும். மாரிமுத்து முளைக்கவில்லை.

கூட்டத்தன்று மத்தியானம், ஏலக்காய் பிரிக்கும் இடத்தில் கலா தன் கவிதையை வாசித்துக் காட்டினாள். குண்டு மழையில் ஒரு வேம்பு குனிந்து குழந்தையைத் தன் முந்தானையால் மூடுகிறது. வேம்பே தாய். காய் பிரிக்கிற பேச்சி மூக்கைச் சிந்தினாள். "அண்ணன் மட்டும் கல்லாட்டம் ஒக்காந்திருக்காரு."

"இத நீ வாசிக்கக் கூடாது ஆத்தா," என்றேன் மகளிடம்.

"ஏம்ப்பா, மூணாங்கிளாசுக்கு வெளங்கலையா?" சிரித்தாள்.

"வெளங்குனதாலதான் சொல்றேன். வேம்பு ஒன்னைய மூடல."

"எனக்கு ஞாபகம் இருக்குப்பா. மேல கனமா, இருட்டா. எல வாசம்."

"அது ஒங்கம்மா."

பேச்சியின் முறம் நின்றது.

அதுவரை ஷெல்லில் செத்தாள் என்று மட்டும் சொல்லியிருந்தேன். தனக்காக ஒருத்தி செத்தாள் என்கிற பாரத்தோடு பிள்ளை வளர வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் செல்லம்மா செய்ததை ஒரு மரம் செய்ததாக ஊர் கைதட்டுவதைப் பொறுக்க முடியாது. செல்லம்மா குப்புறக் கிடந்தாள். புரட்டினேன். அடியில் கலா, தலையெல்லாம் இலை. ஒரு கீறல் இல்லை.

"ஏம்ப்பா இத்தன வருசம் சொல்லல?" என்று கேட்டாள். அவள் காகிதத்தை மடித்தாள்.

சாயங்காலம் மேடையில் கலா கவிதை வாசிக்கவில்லை. "எங்கப்பா சொல்லுவாரு" என்று மட்டும் சொல்லி மைக்கை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். பூவும் பறவையும் என்னிடம் இல்லை. போனதை மட்டும் சொன்னேன். இங்கும் அதையே எழுதுகிறேன்.

ஒரு சைக்கிள். ஒரு பை அரிசி. அதற்குள் சுருட்டி வைத்திருந்த கல்யாணப் போட்டோ, வேறு பிரதி கிடையாது. என் இடது காது. இருவரையும் புதைத்த இடம் தெரியும், திரும்பிப் போனதில்லை. மாரிமுத்து, என் தம்பி, பெண் பார்த்து வைத்திருந்தோம். செல்லம்மா, என் மனைவி, வயது இருபத்தாறு. கலாவுக்கு இப்போது முப்பத்திரண்டு.