குளிரில் பேட்டரி நிற்காது

பழைய டேப்லெட் ஒன்றைத் திறப்பதற்கு ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படாது. திரையின் ஓரங்களுக்கு இளஞ்சூடு காட்டி, பசை இளகியதும் மெல்லிய பிளாஸ்டிக் வில்லை ஒன்றை நுழைத்து, மெதுவாகச் சுற்றி வர வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். எங்கள் பக்கம் டேப்லெட் என்று யாரும் சொல்வதில்லை, டெப் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு செருப்புக் கடைக்கு மேலே என் கடை. ஒரு மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி, வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டூல். வாசலில் போர்டு இருக்கிறது: ‘டெப், போன் பேட்டரிகள் தொழில்முறையில் மாற்றித் தரப்படும்.’ தொழில்முறையில் என்ற சொல்லை நானே விரும்பிச் சேர்த்தேன். கொழும்பில் ஒரு பெரிய திருத்தும் கடையில் வேலை பார்த்தவன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. கவுண்டரில் நின்று டெப்புகளை வாங்கி உள்ளே கொடுப்பது என் வேலை. உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததைச் செய்தேன் என்று நினைத்துக்கொள்வது மனிதனுக்குச் சுலபம்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசைக் குடியிருப்பில் பிறந்தவன். என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து எடுத்தார். கடை திறந்த புதிதில், திருத்த எதுவுமே இல்லாதவர்கள்கூடச் சந்தைக்கு வந்த கையோடு படியேறி வந்து, “நம்ம தனுஷன் கடை” என்று பார்த்துவிட்டுப் போவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

பேச்சியம்மா என்று ஒரு பெண் இருக்கிறார். அவர் தன்னைப் பற்றி ஒரு விஷயத்தை நம்பிக்கொண்டிருக்கிறார். அது உண்மையில்லை. உண்மையில்லை என்று தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அதற்காகத்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது.

றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் யூஜினா டீச்சர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பழைய டெப்புகள் இருபது அவர்களுக்குக் கிடைத்தன. வந்தவற்றில் பாதி உயிரில்லாமல் கிடந்தன. மீதி வயரைப் பிடுங்கியதும் அணைந்துபோயின. டீச்சர் இரண்டு உரப்பைகளில் அவற்றைப் போட்டுக்கொண்டு படியேறி வந்தார்.

“கண்டிக்கு அனுப்பலாம்னு சொன்னாங்க தம்பி. நம்ம ஊர்லயே படிச்ச புள்ள இருக்கப்ப எதுக்குன்னு நாந்தான் இங்க கொண்டாந்தேன்” என்றார்.

“சின்ன வேலைதான் டீச்சர். பேட்டரிய மாத்தினாச் சரி. பொங்கலுக்கு முன்னால தந்துடுறேன்” என்றேன்.

வேலை சின்னதுதான். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே இருக்கும் பேட்டரியை அளந்து, அதே அளவில் புதியதை வரவழைக்க வேண்டும். நான் திறக்கவில்லை. பின்பக்கத்தைப் பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒரே அளவில் இருபது பேட்டரிகளுக்குக் கொழும்புக்குச் சொல்லிவிட்டேன். வந்து சேர்ந்த பிறகு முதல் டெப்பைத் திறந்தால், புதிய பேட்டரி அந்தக் குழிக்குள் உட்காரவே இல்லை. அடுத்ததிலும் அப்படியே. ஒன்றில்கூட உட்காரவில்லை.

அன்றைக்கே டீச்சருக்குப் போன் செய்து, “அளவு பிழைச்சிருச்சு டீச்சர், கொஞ்ச நாள் பொறுங்க” என்று சொல்லியிருக்கலாம். அவர் கோபப்பட்டிருக்கமாட்டார். பிள்ளைகளும் பொறுத்திருப்பார்கள். ஆனால் அளக்காமல் சொல்லிவிட்டேன் என்பதைத் தொழில்முறை என்று போர்டு போட்டவன் எப்படிச் சொல்வது? எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நீங்கள் குறைவாக எடைபோட வேண்டாம். பசியைவிட அது பொல்லாதது.

பழைய பேட்டரிகளில் பல வீங்கியிருந்தன. வயதான பேட்டரிக்குள் வாயு சேர்ந்தால் அது சின்னத் தலையணை மாதிரி உப்பிவிடும். அப்படி உப்பியதை யாரும் தொடக்கூடாது, கழற்றி ஒதுக்கிவிட வேண்டும். கொழும்புக் கடையின் உள்ளறைச் சுவரில் பெரிய எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஊசியால் மெல்லக் குத்தி வாயுவை இறக்கினேன். தட்டையானதும் ஓட்டையின் மேல் பசை நாடா ஒட்டி, அதன் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினேன். வீங்காதவற்றுக்கும் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டினேன். சார்ஜ் ஏற்றியதும் எல்லாத் திரைகளும் திரும்ப எரிந்தன. பார்வைக்குப் புதியவையாகவே இருந்தன.

பொங்கலன்று வகுப்பு நடக்கும் மண்டபத்தில் எனக்கு மாலை போட்டார்கள். பேச்சியம்மாவின் மகள் பிரேமினி ஒரு தட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்து, “அண்ணே, படம் கீறுறதும் இதுல ஏலுமா?” என்று கேட்டாள். ஏலும் என்றேன், எப்படி என்பதையும் செய்து காட்டினேன். பன்னிரண்டு வயதிருக்கும். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருந்தது. சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரம் போகவில்லை, சார்ஜ் நிற்கவில்லை என்று முறைப்பாடு வர ஆரம்பித்தது. பனிக்காலம் அது. காலையில் தண்ணீர் தொட்டால் விரல் விறைக்கும். டீச்சர் போனில் கேட்டார். எனக்கு உடனே ஒரு பதில் வந்தது, அதில் பாதி உண்மையும் இருந்தது.

“குளிர்ல பேட்டரி நிக்காது டீச்சர். நம்ம ஊருக் குளிர் அப்பிடி. ராவைக்குக் கம்பளியில சுத்தி அடுப்போரமா வைக்கச் சொல்லுங்க. சூடு பட்டாச் சரியாப் போயிடும்.”

லயக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், சூடு இருக்கும் இடம் அடுப்போரம் ஒன்றுதான். ஈர மிளாறு விறகு அங்கேதான் காயும், பள்ளிச் சப்பாத்து அங்கேதான் காயும், சளி பிடித்த பிள்ளையும் அங்கேதான் படுக்கும். ஆகவே யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொய்யை வேறு ஊர்க்காரன் யாராலும் சொல்லியிருக்க முடியாது. பழைய பேட்டரிக்குச் சூடு விஷம் என்பது எனக்குத் தெரியும். ஓட்டை போட்ட பேட்டரிக்கு இன்னும் அதிகம் என்பதும் தெரியும். தெரிந்தும், ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். வைக்கச் சொன்னது அடுப்போரத்தில்தானே, அடுப்புக்குள் இல்லையே என்றும் நினைத்தேன்.

பிரேமினிக்கு அன்றைக்குக் காய்ச்சல். பேச்சியம்மா விடியற்காலையில் ரொட்டி சுட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மாத்திரை போட்டு, அடுப்போரமாக, கம்பளியில் சுற்றி வைத்திருந்த அவள் டெப்புக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, கொழுந்தெடுக்க மலைக்குப் போனார். மகன் மதுரன் பள்ளிக்கூடம் போய்விட்டான். கணவர் கொழும்பில் வேலை. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் லயத்திலிருந்து புகை தெரிந்தது என்றார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது, அடுப்போரத்திலிருந்த கம்பளியும் பாயும் மேலே காய்ந்த மிளாறும் எரிந்து முடிந்திருந்தன. அந்தப் பிள்ளை கதவுவரை வந்து கிடந்தாள்.

“அடுப்புல தண்ணி ஊத்தித்தான் அணைச்சேன்” என்று பேச்சியம்மா சொன்னார். அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள், நம்பவில்லை. விடியற்காலை அவசரத்தில் எந்தப் பெண் அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள்? விறகு மிச்சப்படும் என்று தணலைச் சாம்பலில் மூடிவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம்.

எரிந்த டெப்பைப் பொலிஸார் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தப் பகுதியில் இதைப் பற்றித் தெரிந்தவன் வேறு யார்? அதிகாரி மரியாதையாகச் சிங்களத்தில் கேட்டார்: நெருப்பு இதற்குள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து இதில் பிடித்ததா? நான் கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். பேட்டரி இருந்த இடத்தில் உலோகமே உருகி வெளிப்பக்கமாகத் திறந்திருந்தது. இரும்பு அலுமாரியை உள்ளிருந்து உதைத்துத் திறந்த மாதிரி. படிக்காதவன்கூடப் பார்த்தாலே சொல்லிவிடுவான். நான் சொன்னேன்: வெளியிலிருந்து, சார். அடுப்பு நெருப்புத்தான்.

நாலே சொற்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். விபத்து என்று முடித்தார்கள். தாயின் கவனக்குறைவு என்று சொன்னாலும், பாவம் அவளே நொந்துபோயிருக்கிறாள் என்று அவர் மேல் வழக்குப் போடவில்லை. அதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. அவரை ஜெயிலுக்கு அனுப்பாத அளவுக்காவது என் பதில் மென்மையாக இருந்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கணவர் எட்டாம் நாள் காரியத்துக்கு வந்தார், பிறகு திரும்ப வரவில்லை. மாமியார் வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பேச்சியம்மா பக்கத்தில் நிற்கப் பெண்கள் தயங்குகிறார்கள் என்று டீச்சர் சொன்னார். நான் மட்டும் ஞாயிறுகளில் போவேன். ஏதாவது பிஸ்கட், மதுரனுக்கு எழுதக் கொப்பி. லயத்து ஆட்களிடம், “மனுஷங்களுக்கு மறதி வராதா? அந்த அக்காவ நோகடிக்காதீங்க” என்று பேசுவேன். நான் அப்படிப் போய்வரத் தொடங்கிய பிறகு ஊரில் எனக்கு இன்னும் நல்ல பெயர். பேச்சியம்மா ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாரும் என்னய ஒரு மாதிரியாப் பாக்குறாங்க தம்பி. நீங்க ஒராள்தான் பழி சொல்லல” என்றார். அவர் கை தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்து, வெடித்திருந்தது. நான் அதை உடனே விடவில்லை. விட்டிருக்க வேண்டும்.

நெருப்புக்குப் பிறகு யூஜினா டீச்சர் என்னைக் கேட்டார்: “எதுக்கும் மத்த டெப்ப எல்லாம் ஒருக்காக் கொண்டாரட்டுமா? பாத்துடுவீங்களா?” அது அவராகவே எனக்குத் திறந்துவிட்ட கதவு. “தேவையில்ல டீச்சர், அது அடுப்பால வந்தது. டெப்புல ஒண்ணுமில்ல” என்றேன். பொலிஸாரிடம் ஒன்று சொல்லிவிட்டு இவரிடம் வேறு எப்படிச் சொல்வது?

நேற்றுப் பகல் பேச்சியம்மா கடைக்கு வந்தார். முதல்முறையாக வந்தார். மதுரனின் டெப் திரை தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். மெலிந்திருந்தார்.

“வீட்டுல அடுப்பே பத்தவைக்கிறதில்ல தம்பி” என்றார். “பக்கத்து வீட்டுலதான் ஒலை வைக்கிறேன். பய குளிர்ல நடுங்குறான். ஆனா கை வரமாட்டேங்குது.”

நான் டெப்பின் ஓரத்துக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு கேக்கவா?” என்றார். “தண்ணி ஊத்துன மாதிரித்தான் இருக்கு. அன்னிக்குப் புள்ள பக்கத்துல படுத்திருக்காளேன்னு அதுக்குன்னே போயிச் செம்புல மொண்டாந்தேன். புஸ்ஸுன்னு சாம்பல் பறந்து அவ மூஞ்சில பட்டுச்சு, தொடச்சுவிட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா நெருப்பு அடுப்புலருந்துதான்னு நீங்களே பாத்துச் சொல்லியிருக்கீங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப நான் ஊத்தல. வேற என்னிக்கோ ஊத்துனத நெனைக்கிறேன் போல. அப்பிடி நடக்குமா தம்பி?”

பிள்ளையை இழந்தவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு ஞாபகம். அதையும் அவர் என் மேசையில் வைத்து, சரியா என்று பார்க்கச் சொன்னார்.

“நடக்கும் அக்கா” என்றேன். “மறதி எல்லாருக்கும் வர்றதுதான்.”

அவர் தலையை ஆட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமா, அப்ப நாந்தான்” என்றார்.

டெப்பைத் திறந்தபோது உள்ளே என் ஸ்டிக்கர் இருந்தது. அதன் கீழே பேட்டரி மறுபடி உப்பி நின்றது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரியான அளவில் புதியது ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை அளந்துதான் போட்டேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அந்தப் பிள்ளையைக் கொன்றது நான். தாயின் அடுப்பு அன்றைக்கு அணைந்திருந்தது. இதைச் சொல்ல முடிந்தது, உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால்தான். நான் கெட்டவனாக இருந்திருந்தால் இவ்வளவு வெட்கப்பட்டிருக்கமாட்டேன், அதையாவது நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். மீதிப் பதினெட்டு டெப்பும் இன்றைக்கும் கம்பளியில் சுற்றி அடுப்போரங்களில்தான் இருக்கின்றன. திரும்பக் கொண்டுவரச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.