காலமானவரின் ரேடியோ

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலையில் சாமையும் புளியும் விளைவிக்கிறவன் நான். முன்பெல்லாம் பழைய சாமான் என்றால் செங்கத்துக் காயலான் கடைதான். எதைக் கொண்டுபோனாலும் தராசில் போட்டு எடைக்கு விலை சொல்வார்கள். போனில் ஏலம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது: பட்டணத்தார் சாமானை வாங்குவதில்லை, அதன் கதையை வாங்குகிறார்கள்.

என் மச்சான் லட்சுமணனின் வால்வு ரேடியோவை 'பழைய ரேடியோ' என்று ஏலத்தில் போட்டேன். ஒருவரும் சீண்டவில்லை. 'இன்று காலை காலமான மலைவாசி ஒருவர் கடைசிவரை கேட்ட ரேடியோ' என்று மாற்றினேன். மதியத்துக்குள் பதினோராயிரம்.

மச்சான் அப்போது பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தார். அது ஏலத்துக்குத் தேவையில்லாத விவரம்.

ஏலம் எடுத்தவர் வேலூர் நவீன்குமார். கூரியரை நம்பாதவர். பூமாலை வாங்கிக்கொண்டு நேரிலேயே புறப்பட்டு, அமிர்தி தாண்டியதும் போன் செய்தார்.

"மச்சான், அரை மணி நேரம் ஆடாம அசையாம படுங்க," என்றேன்.

"இன்னாத்துக்கு மாப்ளே?"

"எழுந்ததும் கோழிக் கொழம்பு."

படுத்துவிட்டார். நல்ல மனிதர்.

நவீன்குமார் மாலை போட்டு, உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு, "அந்தக் கண்ணாடியும் அந்தக் காலத்ததுங்களா?" என்றார். கழற்றிக் கொடுத்தேன். வெள்ளி அரைஞாணைக் கேட்டார். உருவிக் கொடுத்தேன். பல்செட்டைக் கேட்டார். நியாயமான விலைதான் சொன்னார். வாய்க்குள் விரலை விட்டேன். மச்சான் கடித்துவிட்டார்.

நவீன்குமார் மயங்கி விழுந்தது அப்போதுதான். ரேடியோ மேலேயே விழுந்தார்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது, ஐயா? மச்சானுக்கு எழுபத்தெட்டு வயது. என்றைக்கோ வரப்போகிற சேதியைக் கொஞ்சம் முன்னதாகச் சொன்னேன்.

ஓர் உதவி மட்டும் வேண்டும். வாசலில் சோற்றுத் தூக்கோடு நிற்பவள் என் மனைவி காந்தா. அவளுடைய தையல் மெஷின் ஏலம் ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. 'மறைந்த மனைவியின் நினைவாக' என்று போட்டிருக்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள், மனசு தாங்கமாட்டாள். அவள்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.