ஒரு நிறுத்தமும் தவறாத மனிதர்

அவையைத் தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன்னே பேசி என் பாரத்தைப் பாதியாக்கிய பெரியவர்களே, தோளில் தூங்கும் பிள்ளை விழித்துவிடாமல் தொடையில் தட்டிக் கரவொலி எழுப்பும் தாய்மார்களே, என் தந்தையோடு பேருந்து ஓட்டிய தோழர்களே, உங்கள் அனைவருக்கும் ஓர் ஓட்டுநர் மகளின் வணக்கம்!

என் தந்தை மறைந்து இன்றோடு ஓராண்டு. கோட்டை கட்டினாரா? கொடி நாட்டினாரா? இல்லை. முப்பத்தோராண்டு பேருந்து ஓட்டினார். வெறுமனே ஓட்டினாரா? விடியல்தோறும் ஸ்டீயரிங்கில் இரு கையும் வைத்து, "ஆண்டவனே, ஏறுறவங்க எல்லாரும் நல்லபடியா இறங்கணும்" என்று வேண்டிய பிறகே வண்டியைக் கிளப்பினார்.

நாடு விட்டு வந்தவர். ஆறு ஆண்டுகள் தனி ஆள். அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டபோது எனக்கு ஏழு வயது. விமான நிலையத்தில் இரு கை நீட்டி நின்றவரைப் பார்த்து நான் என்ன கேட்டேன் தெரியுமா? "அம்மா, இந்த மாமா யாரு?"

சிரிக்கிறீர்கள். அவரும் அங்கே சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தாராம்.

"அப்பான்னு கூப்பிடுடி" என்று அம்மா அதட்டுவார். "விடு, வாயில வரும்போது வரட்டும்" என்பார் அவர். மூன்று மாதம் காத்திருந்தார்.

ஒரு மழை மாலை, பள்ளி முடிந்து பேருந்தில் ஏறியவள் தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் பணிமனை! கட்டுப்பாட்டு அறை அம்மையார் என்னென்னவோ கேட்டார். அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. சுவரில் ஓட்டுநர்களின் படங்கள். ஒரு முகத்தைத் தொட்டு, விம்மியபடி, "எங்கப்பா" என்றேன். அந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டுமா, அவையோரே? அம்மையார் ஓட்டுநர்களோடு பேசும் மைக்கை என் வாயருகே பிடித்தார்.

"அப்பா! நான் தனியா இருக்கேன். வாங்கப்பா!"

அந்தக் குரல் எங்கே ஒலித்தது? நாற்பது பயணிகளோடு நகர் நடுவே போய்க்கொண்டிருந்த அவருடைய பேருந்தில் ஒலித்தது! அதில் வந்த நர்ஸ் அக்கா, இதோ முதல் வரிசையில் கண்ணைத் துடைக்கிறாரே, அவர்தான், எழுந்து அப்பாவிடம் ஓடினார். "அண்ணே, எங்கயும் நிக்காதீங்க, நேரா புள்ளைகிட்ட போங்க. நாங்க அங்கயே இறங்கிக்கிறோம்."

அப்பா மைக்கை எடுத்தார். "அப்பா வரேன்டா கண்ணு." பிறகு அக்காவிடம் சொன்னார்: "மழையில நனைஞ்சுகிட்டு நிக்கிறவங்களை விட்டுட்டு எப்படிம்மா போறது? எம்புள்ளைய ஆண்டவன் பார்த்துக்குவான். இவங்களை நான்தானே பார்க்கணும்?"

ஒன்பது நிறுத்தம். ஒன்பதிலும் நின்றார்; கதவைத் திறந்தார்; ஆளை ஏற்றினார்.

என்ன, கல்நெஞ்சா என்கிறீர்களா, ஐயா? நானும் வளர்ந்த பிறகு சண்டை போட்டேன். "என்னைவிட அவங்க பெருசாப்பா?" அவர் சொன்னார்: "ஒவ்வொரு நிறுத்தத்துலயும் எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சுடா. ஆனா அவங்களுக்கும் வீட்ல ஒரு புள்ள காத்துகிட்டு இருக்குமே."

பணிமனைக்குள் ஓடி வந்தவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டவள், விடவே இல்லை. நர்ஸ் அக்கா நேரே மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார். நம் மக்கள் கூடிப் பிரார்த்தனை செய்ய இடம் கேட்டபோது இரண்டு முறை மறுத்தவர் அந்த மேலாளர். மறுநாள் அவரே அப்பாவை அழைத்து, "ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு அறையை எடுத்துக்கோ" என்றார். டீசல் மணக்கும் அந்த அறையில் எட்டுக் குடும்பங்கள் கைகூப்பின. எட்டு எண்பதாயிற்று, எண்பது இருநூறாயிற்று, இருநூறு குடும்பங்களின் உழைப்பு இந்த மண்டபமாயிற்று!

அன்பர்களே, போன வாரம் வந்திறங்கிய மூன்று குடும்பங்கள், எங்கே உட்காருவது என்று தெரியாமல், அதோ கதவோரம் அமர்ந்திருக்கின்றன. என் தந்தைக்கு மாலை போட்டது போதும். கூட்டம் முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடாதீர்கள். அவர்களிடம் போங்கள். "சாப்பிட்டீங்களா? புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாச்சா? நாளைக்குக் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். அதுதான் அவருக்கு அஞ்சலி! அதுதான் நம் பிரார்த்தனை!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம். மேடையை விட்டு இறங்குகிறேன். கதவோரம் முதல் ஆளாக நான் போகிறேன்.