மூன்றடி நடைவழி

மூன்றடி அப்படியொன்றும் பெரிய அகலமில்லை. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் தோளைத் திருப்பி நிற்க வேண்டும். மழைக்காலத்தில் குடையைச் சாய்த்துப் பிடிக்காவிட்டால் மதிலோரத்துச் செம்பருத்தி அதைக் கிழித்துவிடும்.

றெஞ்சி, நீ பிறந்ததிலிருந்து நடந்த வழி, உனக்கு நான் அளவு சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ எழுதித் தரச் சொன்னாய். "போலீசுக்குப் போகமாட்டேன் பேரப்பா. நடந்தது என்னன்னு உங்க கையால எழுதிக் குடுங்க, போதும்" என்றாய். நாற்பத்தொரு ஆண்டுகள் மீனச்சில் ஆற்றங்கரையில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதியவன் நான். படிக்கிறவருக்குத் தெரிந்ததையும் எழுதித்தான் எனக்குப் பழக்கம். காகிதம் நாளை யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

உன் அப்பன் ஈப்பன் எனக்கு ஒரே தம்பி. பதினொரு வயது இளையவன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. உன் பேரம்மை போன பிறகு, வேளாவேளைக்கு உன் வீட்டிலிருந்துதான் எனக்குக் குழம்பு வந்தது.

எங்களைப் பெற்ற அப்பச்சனுக்கு ஒரு காலத்தில் மலையடிவாரம் வரை நிலம் இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் அடிவாரம் போயிற்று. குடியிருந்தவர்களுக்கு ஆளுக்குப் பத்து சென்ட் போயிற்று. பிறகு சாலையை அகலப்படுத்த முன்பக்கத்திலிருந்து எட்டு சென்ட் எடுத்தார்கள். மேலே மின்கம்பி போகிறது என்று ஏழு தென்னைகளை வெட்டினார்கள். மிச்சமிருந்த இடத்தில் வீடு கட்டப் போனால், சாலையிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளித்தான் கட்டலாம் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் முறையான உத்தரவு இருந்தது. அந்தக் காகிதங்களில் பலவற்றை நானே படித்து அப்பச்சனுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்போ நமக்குன்னு இருக்கறது எது மோனே?" என்று மட்டும் கேட்பார்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஜூனில் நானும் ஈப்பனும் பாகம் பிரித்தோம். சாலையோரத்து நாற்பத்திரண்டு சென்ட் எனக்கு. பின்னால், கிணறும் பலாவும் இருந்த அறுபது சென்ட் அவனுக்கு. அவன் பங்குக்கு மூன்று பக்கமும் வயல். வயலில் மண்ணடித்து வழி போட முடியாது. பிறகு வயலை மூடக் கூடாதென்றே சட்டம் வந்தது. ஆகவே அவன் என் நிலத்தின் வழியாகத்தான் சாலைக்கு வர வேண்டும். பாகப்பத்திரத்தை நான்தான் எழுதினேன். வழியைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதை அவனிடம் சொன்னேன். "நமக்குள்ள எதுக்கு சேட்டாயி வழி எழுதறது? என்னை என்ன வேலி தாண்டிக் குதிக்கவா விடப்போறீங்க?" என்று சிரித்தான். வேண்டாமென்றது அவன்தான்.

இனி ஒரு சட்டம் சொல்ல வேண்டும். இது புரியாமல் மற்றது புரியாது. அடுத்தவன் நிலத்தில் ஒருவன் உரிமையாக, தடையில்லாமல் இருபது ஆண்டுகள் நடந்தால் அந்த வழி அவனுடையதாகிவிடும். நிலம் என் பேரில் இருக்கும், வரி நான் கட்டுவேன், ஆனால் அந்த மூன்றடியில் நான் ஒரு வாழை வைக்க முடியாது. அனுமதி வாங்கி நடப்பவன் கதை வேறு. அவன் நூறு ஆண்டு நடந்தாலும் விருந்தாளிதான். உரிமை, அனுமதி. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் என் தொழில் முழுவதும் நடந்தது.

எங்கள் பதிவு அலுவலக வாசலில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் வழியை அடைத்துவிட்டால் கணக்கு அறுந்துவிடும், இருபது ஆண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்பார்கள். எத்தனையோ பேருக்கு நான் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நானும் செய்தேன். யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாது என்று ஹர்த்தால் நாளாகப் பார்த்துச் செய்தேன். ஊரே அடைத்துக் கிடக்கும்போது ஒருவர் எங்கே போகப் போகிறார். நம் ஊரில் ஆண்டுக்கு ஒரு ஹர்த்தாலாவது வராமல் இருக்காது. அன்று காலையில் இரண்டு பங்குக்கும் நடுவிலிருந்த பின்கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டுவேன். மாலை ஆறு மணிக்குத் திறப்பேன்.

ஈப்பன் அதைத் திருவிழாவாக்கினான். ஹர்த்தால் அன்று அவன் வீட்டில் கோழியும் பிராந்திக் குப்பியும் இருக்கும். பத்து மணிக்குக் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "என்ன சேட்டாயி, இன்னைக்கு நம்ம கேட்டுக்கு நோன்பா?" என்பான். கம்பிக்கு மேலாக ஒரு கிண்ணம் கறி நீட்டுவான். நான் வாங்கிக்கொள்வேன். பத்தொன்பது ஆண்டுகள் இப்படிப் போயின. அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

நடுவில் ஒருமுறை பஞ்சாயத்து உறுப்பினர் பெண்ணம்மா வந்தாள். எட்டடி விட்டுக்கொடுத்தால் பஞ்சாயத்தே கான்கிரீட் போட்டுத் தரும் என்றாள். "வயசாகுது ரெண்டு பேருக்கும். நாளைக்கு ஒண்ணுன்னா ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்" என்றாள். எட்டடி கொடுத்தால் பிறகு பன்னிரண்டு கேட்பார்கள் என்று சொன்னேன். ஈப்பன் குறுக்கே புகுந்து, "விடு பெண்ணம்மே. சேட்டாயிக்கு மண்ணு மேல கண்ணு. சாகற அன்னைக்கு நான் ரோடு வரைக்கும் நடந்து வந்தே செத்துக்கறேன்" என்றான். மூவரும் சிரித்தோம்.

இருபதாவது ஆண்டு தொடங்கியபோது ஒரு வேலையாக வக்கீலிடம் போனேன். பேச்சோடு பேச்சாக நம் பூட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஒரு நாள் பூட்டினா சட்டத்துல ஒண்ணுமே இல்ல சேட்டா. நீங்க அடைச்சு, அவன் ஒரு வருஷம் சும்மா இருந்தாத்தான் அது தடை. நீங்க பூட்டினது பூட்டுக்கு நல்லது, அவ்வளவுதான்." தொழிலில் இருப்பவன் இப்படி ஒரு பிழையைச் சுமந்திருக்கக் கூடாது. வீடு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வருகிற ஜூனில் இருபது முடிகிறது.

ஒரு வழிதான் இருந்தது. அனுமதியோடு நடப்பதாக ஈப்பனே எழுதித் தர வேண்டும். பதினொரு வரியில் ஒரு காகிதம் தயார் செய்தேன். நாள் போடும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டேன். அவன் அதைக் கையில் வாங்கிப் படித்தான். சிரிக்கவில்லை.

"எப்படியும் எல்லாம் றெஞ்சிக்குத்தானே சேட்டாயி? யாருகிட்டேருந்து யாரைக் காப்பாத்தறீங்க?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குப் பிறகு என் நாற்பத்திரண்டு சென்டும் உனக்குத்தான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் கொடுத்துப் போவது வேறு, தானாகவே போவது வேறு. அதை அவனுக்கு விளக்க முடியவில்லை. "நான் இதுல கையெழுத்துப் போட்டா, இருபது வருஷமா உங்க முற்றத்துல பிச்சைக்காரனா நடந்தேன்னு ஆகும். நான் தம்பியாத்தான் நடந்தேன்" என்று காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். சட்டை மாற்றும்போதெல்லாம் எடுத்து அடுத்த சட்டையில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் ஹர்த்தால் வந்தது. பூட்டிப் பயனில்லை என்று தெரிந்தும் பூட்டினேன். பழக்கம் என்று வைத்துக்கொள்.

பத்து மணிக்கு அவன் வரவில்லை. பத்தரைக்கு உன் அம்மா சோசம்மாவின் குரல் கேட்டது. போனேன். ரப்பர் பால் வெட்டும் தங்கப்பனும் அவன் மைத்துனனும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் ஈப்பனைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். ஈப்பன் நெஞ்சைப் பிடித்திருந்தான். சட்டை நனைந்திருந்தது. சாலையில் ஜீப் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. தங்கப்பன் போன் செய்து வரவழைத்திருந்தான். கோடை மழையில் வயல் வரப்பு கரைந்து கிடந்தது, நாற்காலியோடு அந்தப் பக்கம் போக முடியாது.

"தொற சேட்டாயி" என்றாள் சோசம்மா.

சாவி என் இடுப்பில் இருந்தது. மறைக்க எதுவும் இல்லை. அதைத் தொட்டேன் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது சட்டைப் பையில் காகிதம் கையில் பட்டது.

நான் யோசித்தது இதுதான்: பூட்டின கேட்டை, கேட்டவுடன் இன்று திறந்தால், அது அவன் உரிமையை நானே ஒப்புக்கொண்ட மாதிரி. ஜூனுக்கு ஏழு வாரம் இருக்கிறது. கையெழுத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவனும் இனி மறுக்க மாட்டான். கோபத்தில் செய்யவில்லை. என் குரல் உயரவே இல்லை என்பதைத் தங்கப்பனே சொல்வான்.

நாற்காலியை இறக்கச் சொன்னேன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், இருவரும் அங்கே இருந்தார்கள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றான் தங்கப்பன். "ஆளு போயிட்டிருக்கான், நீ பத்திரம் எழுதறியா?"

நான் காகிதத்தை விரித்து அன்றைய தேதியை எழுதினேன். பிறகு வாசிக்கத் தொடங்கினேன். வாசித்துக் காட்டாமல் நான் ஒருவரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. எழுதியது இன்னதென்று அறியாமல் போட்ட கையெழுத்து நிற்காது. "வாசிக்க வேண்டாம் சேட்டாயி, எனக்குத் தெரியும்" என்றான் ஈப்பன். மிக மெதுவாகச் சொன்னான். நான் வாசித்தேன். நான்கு எல்லைகளையும் வாசித்தேன். சோசம்மா கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்ததால் சில வரிகளை மறுபடி வாசிக்க வேண்டியிருந்தது.

அவன் கம்பி இடுக்கில் கை நீட்டிப் போட்டான். வியர்வையில் மை பரவிவிட்டது. பேர் தெளிவாக இல்லை. கீழே இன்னொரு முறை போடச் சொன்னேன். போட்டான். முன்பு காகிதத்தைப் பார்த்தபோது நீ கேட்டாய், அப்பனின் கையெழுத்து ஏன் இரண்டு இருக்கிறது, இரண்டாவது ஏன் கோட்டை விட்டு இறங்கிப் போகிறது என்று. அதனால்தான்.

காகிதத்தைக் கொடுக்கும்போது என்னைப் பார்த்தான். "இப்போ போகலாமா சேட்டாயி?" என்று கேட்டான்.

"போகலாம்" என்றேன். திறந்தேன்.

பன்னிரண்டு நிமிடம் என்கிறாள் சோசம்மா. அவ்வளவு இராது, பதினொரு வரி வாசிக்க எனக்கு நான்கு நிமிடம் போதும். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது ஜீப்பிலேயே முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று மருத்துவர் சொன்னாராம். மருத்துவர்கள் எல்லோரிடமும் அப்படிச் சொல்வது வழக்கம்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

சவப்பெட்டி மூன்றடியில் போகவில்லை. இரு பக்கமும் ஆட்கள் நின்று தூக்க வேண்டுமே. செம்பருத்தியை வேரோடு நான்தான் வெட்டினேன். அன்று இருநூறு பேராவது என் நிலத்தில் நடந்தார்கள். யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். அந்த நேரத்தில் அதைக் கவனித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வக்கீலிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் படித்தார், தேதியைப் பார்த்தார், மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். இது நிற்குமா என்று கேட்டேன். திரும்பி வந்து காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். அது இத்துடன் இருக்கிறது. வைத்துக்கொள்.

சுருக்கமாக எழுதினால் இவ்வளவுதான். தம்பி சாகக் கிடந்தான். சாவி என்னிடம் இருந்தது. அவன் கையெழுத்துப் போடும்வரை நான் திறக்கவில்லை. உன் அப்பனைக் கொன்றது நான். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

நீ அம்மாவை அழைத்துக்கொண்டு அயர்லாந்துக்குப் போன பிறகு பின்வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த வழியில் நடக்க யாருமில்லை. நான் கேட்டைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். தூணை இடித்துவிட்டேன். அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் இப்போது புல்லில்கூட வித்தியாசம் தெரியாது.

ஆனாலும் தினமும் பத்து மணிக்கு அவன் வருகிறான். முதலில் பலாச் சருகில் கால் சத்தம் கேட்கும். அவன் நடை எனக்குத் தெரியும், இடதுகால் கொஞ்சம் இழுத்து வைப்பான். சத்தம் கேட் இருந்த இடம்வரை வரும். அங்கே நின்றுவிடும். நான் வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். வெயில் ஏறும்வரை நிற்கிறான். பிறகு திரும்பிப் போகிறான்.

அவன் ஏன் அங்கேயே நிற்கிறான் என்று எனக்குப் புரியவில்லை, றெஞ்சி. இப்போது அங்கே பூட்டு இல்லை, கதவுகூட இல்லை. ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?